கழுவிய மணல்

பையின் மூலையைக் கத்தரித்ததுமே வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

உள்ளே மணல். அதுவும் கலங்கிய தண்ணீரில் ஊறிக் கிடந்த மணல். கடலிலிருந்து அள்ளி, பையில் அடைத்து, 'உயிர் மணல்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அதில் உயிர் இருக்கிறது என்று மகள் ஒருநாள் சொன்னபோது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா என்று கேட்டு வைத்தேன். யாரோ அவள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

அவள் உப்புத் தண்ணீர் மீன்தொட்டிகள் அமைத்துக் கொடுக்கிறாள். இந்தப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைத் தொட்டிதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. டாக்டருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய மற்ற ஆஸ்பத்திரிகளும் அவளுக்குத்தான். பிடிக்காவிட்டால் அவள் அம்மாவிடம் நாங்கள் இருவரும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சொந்தத் தொழில் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் என் மனைவி.

மகள் மீன் எடுத்துவரப் போயிருந்தாள். மணலைத் தொட்டியில் போட்டு வையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

போடுவதா? இந்த அழுக்கையா?

நான் லாண்டரிக்காரன். என் கடைக்கு வந்து கறையோடு திரும்பிப் போன துணி கிடையாது. காபிக் கறை, மைக் கறை, கிரீஸ் கறை, எதன் ஜம்பமும் என்னிடம் சாயாது.

பின்பக்கக் குழாயடியில் பக்கெட்டை வைத்து உட்கார்ந்தேன். முதல் தண்ணீர் சாக்கடை மாதிரி ஓடியது. விடுவேனா? அடுத்ததற்கு வெந்நீர். அலசி, வடித்து, மறுபடி அலசி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. மணல் பளிச்சென்று வெளுத்திருந்தது.

அதைத் தொட்டியில் பரப்பி, அவள் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். துளி கலங்கவில்லை. வரவேற்பறைப் பெண் எழுந்து வந்து பார்த்துவிட்டு அசந்துபோனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் வந்தாள். கையிலிருந்த தண்ணீர்ப் பையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு என் ஈரக் கையைப் பார்த்தாள்.

“கழுவினீங்களாப்பா?”

“பின்னே? உன் வேலையில அழுக்கு இருக்கலாமா?”

லேசாகச் சிரித்தாள். நனைந்திருந்த என் சட்டைக் கையை மடித்துவிட்டாள். மீன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

பிள்ளை வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் பாராட்டுவதைக் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசையில் கதவோரம் போய் நின்றேன்.

“இன்னைக்கு மீன் விட முடியாது டாக்டர், விட்டா செத்துடும். அந்த மணல்ல இருக்கற பாக்டீரியாதான் மீனோட கழிவைச் சரிபண்ணும். அதைக் கழுவவே கூடாது. நான் கழுவிட்டேன். தப்பு என்னோடதுதான். என் செலவுல வேற மணல் போட்டுத் தரேன்.”

கையிலிருந்த மீன் பையைப் பார்த்தேன்.

டாக்டர் சலித்துக்கொண்டார். இந்த அடிப்படை கூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்று கேட்டார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

என் கடையில் ஒரு சட்டை தீய்ந்தால், இஸ்திரி போட்டவனைக் கூப்பிட்டு வாடிக்கையாளர் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். தப்பு என்னுடையது என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

இவள் இதை யாரிடம் கற்றாள்? சத்தியமாக என்னிடம் இல்லை.

மீன் பையை மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“கழுவினது நான்தான் டாக்டர். இவளோட அப்பா.”