இடது ஜன்னல்

“போக்ராவுக்கு இடப்பக்க ஜன்னல் குடும்மா,” என்றார் தில்மாயா, மூன்றாவது முறையாக.

காத்மாண்டு விமான நிலையத்தில் தசைன் பண்டிகைக் கூட்டம். கவுண்டரில் இருந்த பினிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அம்மா, பனிமலையெல்லாம் வலப்பக்கம்தான் தெரியும். அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன்.”

“மலைய எங்க மாட்டுக்கொட்டாய்லேர்ந்தே தெனம் பாக்கறேன்.”

“இடப்பக்கம் வயக்காட்டைத் தவிர ஒண்ணுமில்ல. அப்புறம் வந்து மாத்திக் குடுன்னா நடக்காது.”

“இந்தம்மா நம்மள ஊர் போய்ச் சேர விடமாட்டாங்க போல,” என்று பின்னால் நின்றவர் முனகினார்.

தில்மாயா திரும்பிப் பார்க்கவில்லை. “விமானத்தை ஓட்டறவங்க எந்தப் பக்கம் உக்காருவாங்க?”

“கேப்டனா? இடப்பக்கம்.”

“அப்ப அதையே குடு. இன்னிக்கு இதை ஓட்டப்போறவன் எம்மகன்தான். மூணு வருஷமா தசைனுக்கு வீட்டுக்கு வந்து என் கையால நெத்தியில டீக்கா வெச்சுக்க அவனுக்கு நேரமில்ல. அந்த ஜன்னல்ல அப்படி என்னத்தத்தான் பாக்கறான்னு நானும் பாத்துடறேன்.”

பினிதா முதல் வரிசையில் இடது ஜன்னலை எழுதிக் கொடுத்தாள்.

“எறங்கறப்ப அவசரப்படாதீங்கம்மா. கேப்டன் கடைசியாத்தான் எறங்குவார்.”