பச்சைச் சேலைக்காரிக்கு மெமரி

“அந்த மெமரியப் போடாதீங்க தம்பி. இந்த மிஷினுக்கு அது சரிவராதுன்னு சொல்லிருங்க!”

கடைக்குள் நுழைந்ததும் ஐவி சொன்ன முதல் வார்த்தை அதுதான். அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தேனுஜன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் துணிகளைத் திணித்த பை ஒன்று இருந்தது.

“நீங்க யாருக்கா?”

“கொட்டகலைப் பள்ளிக்கூடத்து அழகுமுத்து சேரோட வீட்டுக்காரி. பழைய லெப்டொப் ஒண்ணக் கொண்டாந்து குடுத்தாரே, அந்தப் புண்ணியவான்.”

“ஆமா, வீடியோ பாதியிலயே நிக்குது, கிராபிக்ஸ் மெமரியக் கூட்டணும்னாரு. அது போர்டோட ஒட்டினது, தனியாக் கூட்ட ஏலாதுக்கா. ரெம்முன்னு சொல்ற மெமரி ஒண்ணு கூடப் போட்டா, அதுல கொஞ்சத்த கிராபிக்ஸ் எடுத்துக்கும்.”

“என்ன வீடியோன்னு சொன்னாரா?”

“இல்லீங்களே.”

“எப்படிச் சொல்வாரு!”

அழக்கூடாது என்றுதான் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

யாரோ பழைய கசெட்டிலிருந்து மாற்றிக் கொடுத்த தேயிலைத் தோட்டத்துத் திருவிழா வீடியோ அது. பச்சைச் சேலை, இடுப்பு வரை கூந்தல், தீப்பந்த வெளிச்சத்தில் ஒருத்தி ஆடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அழகுமுத்துவுக்கு அவள்தான் தேத்தண்ணி, அவள்தான் பலகாரம்.

முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து, கொஞ்ச நேரத்தில் படமே நின்றுவிடும். படம் நின்றாலும் அவர் கை நிற்காது. அவள் விட்ட இடத்திலிருந்து விரல்கள் வளையும், வாய் பாட்டை முணுமுணுக்கும். அதைப் பார்க்கப் பார்க்க ஐவிக்கு வயிறு எரியும்.

“யாருன்னு கேட்டா என்ன சொன்னாரு தெரியுமா? ‘இவ பின்னால ஒரு காலத்துல தோட்டமே அலைஞ்சிச்சு. ஒனக்கும் நல்லாத் தெரிஞ்ச ஆளுதான்’னு சிரிக்கிறாரு. வெக்கங்கெட்ட மனுசன்!”

ஐவி கினிகத்தேனைக் கடைத்தெருவில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தோட்டத்தையே கண்டாள். இப்போது பீலியில் தண்ணீர் பிடிக்க யார் குனிந்தாலும் அவள் கண் அந்த இடுப்பைத்தான் அளக்கிறது. இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று தூக்கமே போய்விட்டது.

“எனக்கு ஒரு சாரி எடுங்கன்னா ‘நத்தார்ப் பண்டிகைக்குப் பாப்போம்’பாரு. அவ நிக்காம ஆடணும்னு மெமரி வாங்கிப் போடுறாரு! போதும் தம்பி. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். இனி அவளையே கட்டிக்கிட்டு அழட்டும்.”

தேனுஜன் தலையைச் சொறிந்தான்.

“அக்கா... அத நேத்தே போட்டுட்டேன்.”

ஐவி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

“போட்டாச்சா? அப்ப ஓட்டுங்க. அந்தச் சிறுக்கி மூஞ்சியப் பாத்துட்டே பஸ் ஏறுறேன்.”

வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. ரோஸ் பவுடர் அப்பிய முகம், மை தீட்டிய கண், மினுங்கும் மூக்குத்தி.

“அழகாத்தான் இருக்கா, பாவி மக!” என்றாள் ஐவி.

வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. இம்முறை படம் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்தது, கூட்டம் விசிலடித்தது. பச்சைச் சேலைக்காரி கம்பளியால் கட்டிய மறைப்புக்குப் பின்னால் போனாள். கெமராவும் கூடவே போனது.

அவள் ஒரு தேயிலைப் பெட்டிமேல் குந்தினாள். சேலையை முழங்காலுக்கு மேல் வழித்துவிட்டுக்கொண்டாள். இரண்டு கையாலும் கூந்தலை அப்படியே கழற்றி மடியில் வைத்தாள். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்து, கெமராவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தேனுஜன் திரைக்கு அருகில் குனிந்து உற்றுப் பார்த்தான். மெல்ல ஐவியின் பக்கம் திரும்பினான்.

“அக்கா... சேருக்கு அப்ப மீசை இல்லீங்களா?”