சிவப்புக் கையெழுத்து

சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி ஜெஃப்ரி அந்தக் கடைசித் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்களின் தாள்கள் எல்லாம் முடிந்துவிட்டன; இது தனத்தின் தாள்தான், சந்தேகமே இல்லை.

கிழக்குத் தாம்பரம் மைதானத்தில் காலை மணி ஆறரை. உதவி கோச் சரிதா பெண்களுக்கு வார்ம்-அப் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை உதவி கோச் வந்தாலும் விசில் மட்டும் ஜெஃப்ரியின் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை.

மாநில அணித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். அதில் தேறக்கூடியவள் கோவளத்து மீனவர் வீட்டுப் பெண் தனம் ஒருத்திதான். அவளும் தேறாவிட்டால் அடுத்த வருஷம் வேறு கோச்சைப் பார்த்துக்கொள்வோம் என்று அகாடமியில் ஜெஃப்ரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

ஜெஃப்ரியிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. ஓடுகிற பெண்கள் தினமும் கண் விழித்ததும், படுக்கையைவிட்டு இறங்கும் முன் நாடியை எண்ணி, தூங்கிய நேரத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பதை வீட்டார் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை இதெல்லாம் ஆளுக்கொரு தாளாக அவர் கைக்கு வரும். பெயர் மட்டும் பின்பக்கத்தில் இருக்கும். நன்றாக ஓடுகிறவள் என்று தெரிந்தால் மனசு சலுகை காட்டிவிடும் அல்லவா? அதனால் சிவப்பு மையில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாளைத் திருப்புவார். போட்டது போட்டதுதான், அப்பீல் கிடையாது.

தாள்களை எழுதித் தருவது மனைவி டெபோரா. பல்லாவரத்தில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்த எண்களோடு மாரடிக்கிறாள். இன்றைக்குத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கேலரிப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் மகள் ஹில்டாவுக்கு சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு. அப்பாவுக்குப் பிடித்து வைத்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

ஆனாலும் தினமும் நாலு மணி அலாரத்துக்கு ஜெஃப்ரி கண் விழிக்கும்போது டெபோரா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாள். போகாதீங்க என்கிறாளாக்கும் என்று நினைத்து, மெல்லக் கையை உருவிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மறுபடியும் தாளைப் பார்த்தார். நாடி, திங்களன்று எழுபத்தெட்டு, நேற்று தொண்ணூற்றிரண்டு. தூக்கம் நாலு மணி நேரம். வீட்டார் சொன்னது: 'சாப்பாட்டில் பாதி தட்டிலேயே. சின்ன விஷயத்துக்கும் கத்தல். தூக்கத்தில் பல்லைக் கடித்தல்.'

இந்த வாரம் தனத்தின் ஓட்டம் இரண்டு விநாடி மந்தமானது ஏன் என்று இப்போது புரிந்தது. ஒன்பது நாள்தானே, கண்டும் காணாமல் விட்டால் என்ன? தாளைக் கசக்கப் போன கை பாதியில் நின்றது.

இப்படி ஒரு நாள் கண்டும் காணாமல் விட்டுத்தான் முன்பொரு பெண் ஓட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தாள். இந்தச் சிவப்பு மையே அதற்குப் பிறகு வந்ததுதான்.

வேலை போனால் போகட்டும். 'பத்து நாள் முழு ஓய்வு. மைதானத்தில் கால் வைக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தனம்! இங்க வா!"

ஓடி வந்தாள்.

"நைட்டு எத்தனை மணிக்குத் தூங்கறே?"

"ஒம்போதுக்கெல்லாம் பட்த்துடுவேன் சார்."

"பொய் சொல்லாத! விடியறதுக்கு முன்னாடி அம்மாகூட மீன் ஏலத்துக்குப் போறியா?"

"அத்த உட்டு ரெண்டு மாசமாவுது சார். அம்மாவே வராதன்னு சொல்லிட்சு."

"நாடி தொண்ணூத்தி ரெண்டு! தூக்கம் நாலு மணி நேரம்! மனுஷ உடம்பா, மெஷினா? இப்படியே விட்டா ஒரு நாள் கிரவுண்ட்லயே விழுந்துடுவே. பத்து நாள் இந்தப் பக்கமே வரக் கூடாது!"

தனத்தின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இன்னா சார் சொல்றீங்க? செலக்‌ஷனுக்கு ஒம்போது நாள்தான் கீது. அது என்னுது இல்ல சார், சத்தியமா!"

ஜெஃப்ரி குரலை இறக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே யாரா இருந்தாலும் மாத்த மாட்டேன்."

"யாரா இருந்தாலுமா?"

கேட்டது தனம் இல்லை. டெபோரா படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஆமா, யாரா இருந்தாலும்தான்! உனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். அதனாலதான் தனத்தோட தாளைக் கையிலயே வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். திருப்பிப் பாருங்க."

ஜெஃப்ரி தாளைத் திருப்பினார். பெயரைப் படித்தார், நம்பாமல் இன்னொரு தரம் படித்தார். தனத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

டெபோரா, தினமும் விடியற்காலையில் பிடிப்பது போலவே, இரண்டு விரலால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பத்து நாளைக்கு விசிலை சரிதாகிட்ட குடுங்க."