கதவைச் சாத்திட்டு ஊதுங்க

“பேஸ் டிராம்போன்ல கடைசிப் படிக்கு வரும்போதுதான் சத்தம் உடையுது” என்றார் அந்த அம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணாடி மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு ஸ்வரமாக முனகி இறங்கி, ஏழாவதில் குரலைக் கரகரவென்று கிழித்தும் காட்டினார்.

வாத்தியக் கடைக்காரருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பேஸ் டிராம்போன் என்கிற அந்தப் பித்தளை ஊதுவாத்தியம் பழகுகிறவர்களில் பாதிப் பேருக்கு வருகிற வியாதிதான். வாத்தியம் ஆளுயரத்துக்கு இருக்கும். அதோடு சும்மா வருகிற மவுத்பீஸ் முட்டைக் கரண்டி அளவுக்கு இருக்கும். உதடு வைக்கிற கிண்ணத்தில் ஆழம் இல்லையென்றால் அடி ஸ்வரம் எங்கிருந்து நிற்கும்?

அவருக்குக் காலையிலேயே மனசு நிறைந்துவிட்டது. வருகிற அப்பாக்கள் எல்லாம் சைக்கிள் டயர் கேட்பது போல “எது நிறைய போகுதோ அதைக் குடுங்க” என்பார்கள். பழகுகிற பிள்ளைகளோ எது அதிகம் பளபளக்கிறதோ அதில் கை வைப்பார்கள். நோயைச் சொல்லி மருந்து கேட்கும் ஆசிரியை வருஷத்துக்கு ஒருவர் வந்தால் பெரிது.

எத்தனை நாளாகப் பயிற்சி என்று கேட்டார்.

“எட்டு மாசம். தினம் சாயந்தரம் அஞ்சு மணிக்கு. ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டாங்க. முதல் பத்து நிமிஷம் மூச்சு நல்லா நிக்கும். அப்புறம் அவங்க களைச்சுடறாங்க போல, சத்தம் மெலிஞ்சுடும்.”

பழகும் பிள்ளையை ‘அவங்க’ என்று சொல்லும் ஆசிரியரைக் கடைக்காரர் அன்றுதான் பார்க்கிறார். அவருடைய வாத்தியார் ஏழு வருஷமும் அவரை ‘டேய்’ என்பதைத் தாண்டி வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

உதடு தடிப்பா, மெல்லிசா என்றும் கேட்டார்.

அந்த அம்மா சற்று யோசித்தார். “நடுத்தரம்னு வச்சுக்குங்களேன்.”

கடைக்காரர் மூன்று மவுத்பீஸ்களை எடுத்துத் துணி மேல் வைத்தார். அவர் அளவைச் சொல்வதற்குள் அந்த அம்மா கைப்பையிலிருந்து தையல் டேப்பை உருவி, ஒவ்வொன்றின் வாயையும் அளந்தே முடித்துவிட்டார். ஒரு நூல்தான் வித்தியாசம் என்றும் சொன்னார்.

கடையிலிருந்த டிராம்போனைத் துடைத்து நீட்டினார் கடைக்காரர். அந்த அம்மா ஓரடி பின்வாங்கினார்.

“நீங்க ஊதுங்க. அந்த அறைக்குள்ள போய், கதவைச் சாத்திட்டு ஊதுங்க.”

ஊதிப் பார்க்கும் அறைக்குள் கூடவே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஊதுகிறவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். பளபளப்பில் கண் ஏமாந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தச் சொல்கிறார்! இத்தனை வருஷமாக நமக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

முதல் மவுத்பீஸைப் போட்டு ஊதினார். சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. வேண்டாமாம்.

இரண்டாவதற்கும் அதே இரண்டு தட்டு.

மூன்றாவதில் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏழாவதில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஸ்வரம் அப்படியே நின்றது. தட்டு விழவில்லை. மூச்சு தீருமட்டும் பிடித்திருந்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த அம்மா காதைச் சுவரோடு ஒட்டி, கண்ணை மூடி நின்றிருந்தார்.

“இதுதான்” என்றார்.

பெட்டியில் வைத்துக் கட்டும்போது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கியது.

“நாலு நாளா தொடவே இல்ல. வியாழக்கிழமை அந்தக் கடைசிப் படி மட்டும் பன்னெண்டு தடவை உடைஞ்சுது. அப்புறம் பெட்டியைப் படார்னு மூடின சத்தம். அதோட சரி. விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.”

இப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது யாரும் விட மாட்டார்கள் என்று கடைக்காரர் மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டு, சேராவிட்டால் மாற்றிக்கொள்வதற்கான சீட்டை எடுத்து, ஊதப்போகிறவர் பெயரைக் கேட்டார்.

“பேர் தெரியாதே. மூணாவது மாடின்னு எழுதிக்குங்க.”

பேனா நின்றது.

“ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. முதல்ல வாத்தியம் வந்து இறங்கின அன்னைக்கு, பெட்டி மேல இருந்த வாத்தியத்தோட பேரைப் படிச்சேன், அவ்வளவுதான். அஞ்சு மணியானா தையல் மிஷினை நிறுத்திடுவேன். நாலு நாளா நிறுத்துறேன், ஒண்ணும் கேக்கல.”

கடைக்காரர் ‘மூன்றாவது மாடி’ என்று எழுதினார். அடுத்த கோட்டில், வாங்குகிறவர் பெயருக்கான இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அதுக்கு நேர் கீழே” என்றார் அந்த அம்மா. “ரெண்டாவது மாடி.”