எட்டு வருஷம் எதுக்கு?

"எட்டு வருஷமா? அந்த முட்டிக்கு எட்டு வாரமே ஜாஸ்தி, தம்பி!"

ரேடியோ நிலையத்தில் ஹெட்போனை மாட்டியிருந்த லைல் கண்களை இறுக மூடிக்கொண்டான். மறுபடியும் அதே மூக்கடைத்த கட்டைக் குரல். ரோஸ்டவுன் எல்மர். தான் ஒரு கோதுமை விவசாயி என்று சொல்லிக்கொண்டு, இரண்டு வாரமாக ஒரு நாள் தவறாமல் நேயர் நிகழ்ச்சிக்குப் போன் செய்து உயிரை வாங்கும் மனிதர்.

வேறு நாளாக இருந்தால் இணைப்பைத் துண்டித்திருப்பான். இன்று முடியாது. கனடாவின் சாஸ்கடூன் பைசன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதலாளி வெர்ன் டைக் ஒரு கூத்து செய்திருந்தார். நட்சத்திர வீரன் கோல்பி ரெம்பெலுக்கு எட்டு வருட ஒப்பந்தம், எண்பது மில்லியன் டாலர். கொடுக்கலாமா, வேண்டாமா? "இன்னிக்கு லைல் நிகழ்ச்சியில ஜனங்க பேசறதைக் கேட்டு முடிவு பண்ணிக்கிறேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். உரம் விற்றுப் பணக்காரரான ஆள்; ஹாக்கியில் அவருக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான்.

கோல்பி போய்விட்டால் அணியையே அமெரிக்காவுக்கு விற்றுவிடுவார் என்று ஊர் நடுங்கிக்கொண்டிருந்தது. அணி போனால் லைலின் நிகழ்ச்சியும் அதோடு போகும். அதுகூடப் பரவாயில்லை. மைனஸ் நாற்பது குளிரில் இந்த ஊர்க்காரன் பிறகு எதைப் பார்த்து உயிர் வாழ்வான்?

"அண்ணே, போன சீசன்ல அம்பத்தோரு கோல் அடிச்சவருண்ணே!"

"அதுல பாதி கண்ணை மூடிட்டு அடிச்சது. எதிராளி பின்பக்கத்துல பட்டு உள்ள போனதெல்லாம் ஒரு கோலா?"

"உள்ள போச்சா, இல்லையா?"

"அதை விடு. படி ஏறும்போது வலது முட்டி டக்கு டக்குன்னு சத்தம் போடுது."

"அது ரோஸ்டவுன் வரைக்கும் கேக்குதாக்கும்?"

எல்மர் கொஞ்சம் தடுமாறினார். "எங்க வீட்டு மாட்டுக்கும் அப்படித்தான். நடையைப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் டானா தலையில் அடித்துக்கொண்டாள். எல்மர் பேசப் பேச, 'முட்டி போனவனுக்கு எண்பது மில்லியனா?' என்று குறுஞ்செய்திகள் குவிய ஆரம்பித்திருந்தன.

லைல் பாதையை மாற்றினான். "அவரு நம்ம பிள்ளைண்ணே. அவங்கப்பா கொல்லையில தண்ணி ஊத்தி, ஐஸாக்கி, சறுக்கக் கத்துக்கொடுத்து வளத்த பிள்ளை."

"அதையேதான் நானும் சொல்றேன்! மூணு வயசுலேர்ந்து அந்தக் குளிர்ல கெடக்கான் பாவி. கடைக்குப் போய் நிம்மதியா ஒரு ரொட்டி வாங்க முடியுதா? பத்து பேரு மறிச்சுக்கிட்டு, மட்டையை எப்படிப் பிடிக்கணும்னு பாடம் எடுக்கறான். ஃப்ளோரிடா பக்கம் போனா வெயிலாவது காயலாம்ல?"

"நீங்க திட்டறீங்களா, பரிதாபப்படறீங்களா?"

"திட்டத்தான் செய்யறேன்!"

"இங்க இருக்கப் பிடிக்கலைன்னா அவரே சொல்லட்டுமே. நடுவுல நீங்க யாரு?"

"எப்படிய்யா சொல்வான்? அவங்கப்பா கார் நம்பரே மகனோட ஜெர்சி நம்பர். பாதிரியார் இவன் பேரைச் சொல்லித்தான் ஜெபத்தையே முடிக்கிறாரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்த மனுஷன் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?"

லைலுக்குப் பொறி தட்டியது. இவ்வளவு வயிற்றெரிச்சல் ஒருவனுக்குச் சும்மா வராது.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. உங்க பையனும் ஹாக்கி ஆடினானா? கோல்பியாலதான் அவனுக்கு டீம்ல இடம் கிடைக்காம போச்சா?"

"ம்... அப்படித்தான்னு வச்சுக்கயேன்."

அது போதுமாக இருந்தது லைலுக்கு. குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க வலி எனக்குப் புரியுதுண்ணே. பெத்த மனசு. ஆனா அதுக்காக இன்னொருத்தர் பெத்த பிள்ளையை ஊரை விட்டுத் துரத்தலாமா? பிறந்த மண்ணுலயே இருக்கணும்னு அந்தப் பையன் ராத்திரி பகலா எப்படித் தவிச்சிட்டிருப்பான், நினைச்சுப் பாத்தீங்களா?"

டானா மூக்கைச் சிந்தினாள். குறுஞ்செய்திகள் அப்படியே தலைகீழாக மாறின. 'கோல்பி எங்கள் பிள்ளை!' 'எட்டு போதாது, பத்து கொடு!'

அடுத்த இணைப்பில் முதலாளி வெர்ன் டைக்கே வந்துவிட்டார்.

"லைல், காரை ஓரமா நிறுத்திட்டு அழுதுட்டேன்யா. எட்டு வருஷம், கொடுத்தாச்சு! பேனாவும் கையுமா என் ஆளு இப்பவே கோல்பியோட அப்பா வீட்டுக்குப் போறான். டிவிக்காரங்களும் அங்கதான் வாசல்ல கெடக்காங்க."

லைல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். அவனுக்கு ஆடத் தோன்றியது. அணி பிழைத்தது, வேலை பிழைத்தது.

"எல்மர் அண்ணே, லைன்லதானே இருக்கீங்க? இப்ப என்ன சொல்றீங்க?"

எதிர்முனையில் விசும்பல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். தொடர்ந்து ஒரு அம்மாவின் குரல் மாகாணம் முழுக்கத் தெளிவாக ஒலிபரப்பானது.

"கோல்பி! இவ்வளவு நேரமா பாத்ரூமுக்குள்ள யார்கிட்டடா பேசிட்டிருக்கே? அப்பா சந்தோஷத்துல அழுதுட்டு நிக்கிறாரு. மூஞ்சியைக் கழுவிக்கிட்டு, ஜெர்சியை மாட்டிக்கிட்டு வந்து கையெழுத்தைப் போடுடா!"