இன்றைய பொட்டு

நேற்றுப் போட்டதை இன்று போடக்கூடாது, கோணினால் அழிக்காமல் அதையே வேறொன்றாக்க வேண்டும். கந்தோர் வேலைக்குப் புறப்படுமுன் தினமும் ஒரு புதுப் பொட்டு வரைய தவமலர் தனக்கே வைத்திருக்கும் சட்டம் இது. கீழே காலி வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்கள் அடையாள அட்டையுடன் ஆமிக்காரன் முன் வரிசையாக நிற்கிறார்கள். அவள் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள். ஈர்க்கு நுனியில் இருந்த சாந்து வழுக்கிப் புருவத்தின் மேல் வளைகிறது. அந்த வளைவை மெல்ல ஒரு இலையாக்குகிறாள். கணவன் இரத்தினசிங்கம் ஈரத் துவாயை நீட்டுகிறான்.

"இஞ்சரும், கலியாண வீட்டுக்கே போறீர்? அதைத் துடையும். மேல்வீட்டுப் பிள்ளையைப் பொட்டைப் பாத்துத் தமிழெண்டுதான் பிடிச்சவங்கள். இன்னும் விடேல்லை."

"ஓம், எனக்கும் பயமாத்தான் இருக்கு."

துவாயை வாங்கி, சாந்து பட்ட விரலை மட்டும் துடைத்துவிட்டு, அவனிடமே திருப்பிக் கொடுக்கிறாள்.