ஆளுக்கொரு இனிப்பு

ஹகோனே ஏரியில் படகு புறப்படத் தயாராக நின்றது. ஒகாடா மட்டும் இனிப்புக் கடையை விட்டு நகரவில்லை.

"என்னங்க, ஏரியப் பாக்க வந்தீங்களா, மிட்டாயப் பாக்க வந்தீங்களா?" என்றாள் மனைவி கயோகோ.

"லீவு போட்டு ஊர் சுத்திட்டு வெறுங்கையோட ஆபீசுக்குள்ள நுழைய முடியுமா? இன்னிக்கு என் வேலையையும் அவங்கதானே பாக்குறாங்க!"

"அப்பா, படகு போயிடும்!" மகள் மியோ கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா. மேனேஜர் இவாசே லீவுன்னாலே முறைக்கிற ஆளு. நல்ல பெட்டியா வாங்கணும்."

படகு போயேவிட்டது.

மறுநாள் காலை, 'ஹகோனே ஏரி' என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியை இரு கைகளாலும் நீட்டிக் குனிந்து வணங்கினான் ஒகாடா.

இவாசே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப ருசி, ஒகாடா. காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?"